ஞாயிற்றுக்கிழமைப் பாசி

“மருமகளா அவ? மேஸ்திரி! வாராவாரம் என்னை மண்டி போட வச்சு வேலை வாங்கறா.”

வண்ணமீன் கடைக்குள் நுழைந்ததுமே பெரியவர் பொரிந்து தள்ளினார். முப்பது வருடம் லிஃப்ட் மெக்கானிக்காக இருந்து ஓய்வு பெற்றவர். தோள்பையிலிருந்து இன்னும் ஒரு ஸ்குரூடிரைவர் எட்டிப் பார்த்தது.

கடைக்காரர் சிரிப்பை அடக்கிக்கொண்டு ஸ்டூலை நகர்த்திப் போட்டார். “உட்காருங்க சார். அப்படி என்ன வேலை?”

“மகன் வீட்டுல ரெண்டடிக்கு ஒரு மீன் தொட்டி. உள்ள நாலு செடி, ஏழெட்டு மீன். ஞாயித்துக்கிழமை ஆனா கண்ணாடி முழுக்கப் பச்சைப் பாசி. ‘மாமா, மீன் எங்க இருக்குன்னே தெரியல, வாங்க’ன்னு விடிஞ்சதும் போன் பண்ணிடுவா. ரெண்டு பஸ் மாறிப் போய்த் தேய்க்கறேன் தம்பி. முட்டி கழண்டு கையில வந்துடும் போல இருக்கு.”

“என்ன லைட் போட்டிருக்காங்க?”

“முப்பது வாட்ஸ்.”

“நாலு செடிக்கு முப்பது வாட்ஸா? அந்த வெளிச்சத்துல ஃபுட்பால் மேட்ச் நடத்தலாமே சார்! தினம் எவ்வளவு நேரம் எரியுது?”

“ஆறு மணி நேரம்தானாம். கேட்டுட்டேன்.”

கடைக்காரர் தலையைச் சொறிந்தார். ஆறு மணி நேரத்துக்கு இவ்வளவு பாசி பிடிக்காதே? இருந்தாலும் வந்தவரிடம் வாதாடாமல் இரண்டு லைட்டுகளை எடுத்து எரிய விட்டுக் காட்டினார்.

“இந்த நீல லைட்டுல மீன் நகைக்கடை மாதிரி ஜொலிக்கும். ஆனா செடிக்குப் பிரயோஜனம் இல்ல. இதோ, இது பத்து வாட்ஸ், வெள்ளை. வீட்டுத் தொட்டியில வைக்கற செடியெல்லாம் பெரும்பாலும் நிழல்ல மெதுவா வளர்ற வகை, இதுவே தாராளம். டைமரும் இருக்கு, தானா எரிஞ்சு தானா அணைஞ்சுடும். இதைப் போட்டா பாசி எட்டிக்கூடப் பார்க்காது.”

“அப்போ வாராவாரம் நான் போக வேண்டியதில்லையா?”

“வேண்டியதே இல்ல சார். ஞாயித்துக்கிழமை காலை நீட்டித் தூங்குங்க.”

பெரியவர் பெட்டியைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். பிறகு, “ம், நல்லது” என்று வாங்கிக்கொண்டு போனார்.

ஒரு மாதம் கழித்து, சனிக்கிழமை சாயங்காலம். ஒரு பெண் அதே பெட்டியைக் கொண்டுவந்து மேஜை மேல் வைத்தாள்.

“இதை மாத்திக் குடுங்க. லிஃப்ட் மெக்கானிக் ஒருத்தர் வந்து வாங்கினாரே, நான் அவரோட மருமக.”

“ஏம்மா, எரியலையா?”

“ஜோரா எரியுது. தொட்டி பளிங்கு மாதிரி இருக்கு. அதான் பிரச்சினையே! நாலு வாரமா மாமா வீட்டுப் பக்கமே வரல. கூப்பிட்டா, ‘தொட்டிதான் சுத்தமா இருக்கே, நான் வந்து என்ன பண்ண’ங்கறார். அத்தை தவறினதுலேருந்து தனியாத்தான் இருக்கார். சும்மா சாப்பிட வாங்கன்னா வர மாட்டார். வேலை இருக்குன்னாதான் கால் கிளம்பும். தேய்ச்சுக்கிட்டே லிஃப்ட்ல மாட்டிக்கிட்டவங்க கதையெல்லாம் சொல்வார். பசங்க ரெண்டும் அவரை விட்டு நகராதுங்க.”

“அது சரி, ஆறு மணி நேரத்துக்கு எப்படிம்மா அவ்வளவு பாசி வந்தது?”

அவள் நாக்கைக் கடித்துக்கொண்டாள். “ஆறுங்கறது மாமாவுக்குச் சொன்ன கணக்கு. காலையில போட்டேன்னா தூங்கப் போறப்பதான் அணைப்பேன்.”

கடைக்காரர் வாயைப் பொத்திக்கொண்டார்.

“சிரிக்காதீங்க. இதையும் டைமரைக் கழட்டிட்டு நாள் பூரா எரிய விட்டுப் பார்த்துட்டேன். ஒரு பொட்டுப் பாசி வரல. பழைய லைட்டையும் இதை மாட்டின அன்னிக்கே மாமா தூக்கிப் போட்டுட்டார். உங்க கடையிலயே பளிச்சுன்னு, பாசி மளமளன்னு பிடிக்கற மாதிரி ஒண்ணு குடுங்க.”

கடைக்காரர் கண்ணில் தண்ணீர் வரச் சிரித்து ஓய்ந்தார்.

“அந்த மாதிரி ஒண்ணே ஒண்ணுதான் இருந்தது. காலையில உங்க மாமனார் கேட்டு வாங்கிட்டுப் போயிட்டாரும்மா!”