மேம்பாலத்து இறக்கம்

மாடிப்படியில் விழுந்ததில் தைலம்மையின் கால்கள் உணர்வற்றுப் போனதிலிருந்து, அவள் கணவர் துரைக்கண்ணு அவளை முதுகில் சுமந்துகொண்டுதான் சக்கர நாற்காலி கேட்டு அலுவலகம் அலுவலகமாக ஏறி இறங்கினார். எங்கே போனாலும் இங்கே இல்லை, அங்கே போ என்றார்கள். கடைசியில் ரேஷன் கடை நசீமாதான் அரிசி போட்டுக்கொண்டே, "பக்கத்து சமுதாயக்கூடத்துல முகாம் போட்டிருக்காங்கண்ணே, அங்க கேளுங்க" என்றாள். மதியத்துக்குள் சக்கர நாற்காலி கிடைத்துவிட்டது. திரும்பும் வழியில் காற்றுப் பட்டு அவருடைய முதுகு குளிர்ந்தது. ஆனால் நிமிர வரவில்லை. அவளைச் சுமப்பதுபோலவே குனிந்து தள்ளினார். மேம்பாலத்தின் உச்சியில் மூச்சு வாங்க, நின்றார்.

"இனிமே இறக்கந்தானே. என் மடியில உக்காருங்க."

"பைத்தியமா உனக்கு? நாலு பேரு பாப்பாங்க."

"பாக்கட்டும்."

"உனக்குக் கனக்கும் தைலா."

"இந்தக் காலுக்கு அதெல்லாம் தெரியாதுங்க."

அவர் சுற்றும் முற்றும் பார்த்தார். வேட்டியை ஒதுக்கிக்கொண்டு கூச்சத்தோடு உட்கார்ந்து, செருப்புக் கால்களைத் தூக்கிக்கொண்டார். அவள் இரண்டு கைகளாலும் சக்கரங்களை ஒரு தள்ளு தள்ளினாள். பின்னால் வந்த டவுன் பஸ் ஹாரன் அடிக்கவில்லை.