பக்கத்து மேசை நாற்றம்

இன்டர்நெட் நின்றுபோனதும் எலெக்ட்ரீஷியன் வந்தார். அந்த அலுவலகத்தில் வயர்களெல்லாம் தரைக்கு அடியில்தான் ஓடின. மேலே கழற்றி மாட்டக்கூடிய சதுரப் பலகைகள். காசாளர் அம்மாவின் நாற்காலியை நகர்த்தி, ஒரு பலகையைத் தூக்கியவர் முகத்தைச் சுளித்தார்.

"எலி செத்துக் கிடக்கும்மா. வயரையும் கடிச்சு வச்சிருக்கு."

காசாளருக்குப் போன வாரம் தான் செய்தது நினைவுக்கு வந்தது.

பக்கத்து மேசைக் குமாஸ்தா எப்போது பார்த்தாலும் கைக்குட்டையும் மூக்குமாக இருப்பான். சில நாளாக அங்கே அடித்த நாற்றம் அவனுடையதுதான் என்று அவளே முடிவு கட்டி, "குளிக்காம வர்றான் சார், பக்கத்துல உட்கார முடியல" என்று மேனேஜரிடம் வத்தி வைத்திருந்தாள். மறுநாளே அவனைக் கிடங்குக்கு மாற்றியிருந்தார்கள்.

எப்படியாவது அவனிடம் மன்னிப்புக் கேட்டுவிட வேண்டும் என்று கிடங்குக்கு ஓடினாள்.

"தம்பி, என் சீட்டுக்கு அடியில எலி செத்துக் கிடந்திருக்குப்பா..."

"எலியா?" அவன் முகம் வெளிறியது. "ஐயோ, என்னை மன்னிச்சிடுங்கக்கா!"

"நீ எதுக்குப்பா மன்னிப்புக் கேக்குற?"

"உங்களுக்குத்தான் ஏதோ உடம்பு சரியில்லைன்னு நினைச்சுட்டேன். வெளியில தெரிஞ்சா உங்களுக்குத்தானே அசிங்கம்? அதான் யார்கிட்டயும் மூச்சு விடல. ஏசி ஒத்துக்கலன்னு மேனேஜர்கிட்ட பொய் சொல்லி, நானே கேட்டு இங்க வந்துட்டேன்."

அவள் தலையைக் குனிந்துகொண்டாள்.

"கோபமாக்கா?" என்றான் அவன், இருந்த ஒரே ஸ்டூலைத் துடைத்து அவளுக்குப் போட்டபடி.