பதினோரு ஃபிரேம்

மதியம் மூன்றரைக்கு, மெழுகு இளகிக்கொண்டிருக்கும்போது, பதில் வந்தது.

அவள் கையில் இருந்தது முகம் தெரியாத யாரோ ஒருவருடைய மேல்வரிசை. ஆறு பல் பதித்தாகிவிட்டது. மீதி தட்டில் வரிசையாகக் காத்திருந்தன. பல் செட் செய்யும் அந்தச் சின்னக் கூடத்தில் பிளாஸ்டர் தூசி, தரையிறங்க மனமில்லாததுபோல் ஜன்னல் வெளிச்சத்தில் மிதந்துகொண்டிருந்தது.

கையைத் துடைத்துக்கொண்டு செல்போனை எடுத்தாள்.

நான்கு நாளைக்கு முன்னால் செல்போனில் ஒரு சினிமாக் குழுவில் அவள் ஒரு சின்னக் கேள்வி கேட்டிருந்தாள். முப்பத்தெட்டு வருடத்துக்கு முன்பு வந்து, ஒரு வாரம்கூட ஓடாத ஒரு படம். அதில் ரயில் நிலையக் காட்சி. கதாநாயகன் பெட்டியைத் தூக்கிக்கொண்டு ஓடிவருகிறான். அவனுக்குப் பின்னால், கூட்டத்தோடு கூட்டமாக, தோளில் துணிப்பையோடு ஒரு பெண் ரயிலில் ஏறப்போகிறாள். ஏறும் முன் அவள் தலை ஒரு கணம் அசைகிறது.

அவள் திரும்பிப் பார்க்கிறாளா, இல்லை பிலிம் அறுந்து ஒட்டிய இடத்தில் படம் குதிக்கிறதா?

இதை வேறெங்காவது கேட்டிருந்தால் தொலைந்தாள். சினிமாக் குழுக்கள் நாலைந்தில் ஏற்கெனவே இருந்து பார்த்தவள்தான். ஒரு நடிகரைப் பற்றி நல்லதாக ஒரு வரி எழுதினால் போதும், இன்னொருவரின் ஆட்கள் வந்து ஏழு தலைமுறையையும் இழுத்துவைத்துத் திட்டுவார்கள். ஒரு பாட்டில் வெளிச்சம் அழகாக விழுகிறது என்று எழுதியதற்கு, போய் அடுப்பைப் பார் என்று பதில் வந்தது. அன்றைக்கே வெளியேறினாள்.

இந்தக் குழு தற்செயலாகக் கண்ணில் பட்டது. நூற்றுச்சொச்சம் பேர். இரண்டே விதி. படத்தைப் பார்த்துவிட்டுப் பேசவும். எதிரில் ஆள் உட்கார்ந்திருக்கிறார் என்று நினைத்துப் பேசவும்.

குழுவை நடத்துபவர் தனக்கு நத்தை என்று பெயர் வைத்துக்கொண்டிருந்தார். பேச்சும் அப்படித்தான் நகர்ந்தது. ஒருவர் சொன்னதை இன்னொருவர் ஒருநாள் முழுக்க வைத்திருந்து யோசித்துவிட்டுத்தான் வாய் திறந்தார். நான் தப்பாகப் பார்த்திருக்கிறேன் என்று மனிதர்கள் தாங்களாகவே எழுதுவதை அவள் முதன்முதலில் இங்கேதான் கண்டாள்.

ஒன்றரை வருடம் ஓரமாக நின்று படித்தாள். அதற்கப்புறம்தான் அந்தக் கேள்வி.

அது ஒட்டுதான், படம் குதிக்கிறது, என்றார் 'மூணாவது வரிசை' என்ற ஒருவர். இன்னொருவர் எங்கிருந்தோ தெளிவான பிரதி ஒன்றைத் தேடி அனுப்பினார். முப்பது வருடம் எடிட்டிங் அறையில் இருந்து ஓய்வுபெற்ற 'கத்தரி', எனக்கு இரண்டு நாள் கொடுங்கள், என்று மட்டும் எழுதியிருந்தார்.

இப்போது வந்திருப்பது கத்தரியின் பதில்.

ஒவ்வொரு ஃபிரேமாக நகர்த்திப் பார்த்தேன். ஒட்டு இருப்பது உண்மை. ஆனால் அது பிறகு வருகிறது. அதற்கு முன்பே பதினோரு ஃபிரேம் இருக்கிறது, அரை நொடிக்கும் கொஞ்சம் குறைவு. அந்தப் பெண் திரும்புகிறாள். சந்தேகமில்லை.

அதன் கீழே மூணாவது வரிசை எழுதியிருந்தார். ஒப்புக்கொள்கிறேன், நான் அவசரப்பட்டுவிட்டேன். இன்னொன்றும் கவனித்தேன். அவள் கேமராவைப் பார்க்கவில்லை. கேமராவுக்குப் பக்கத்தில், இடுப்பு உயரத்தில், எதையோ பார்க்கிறாள். துணை நடிகையாகத் தெரியவில்லை. நிஜமாகவே எங்கேயோ போகிற யாரோ.

இது எதற்கு உங்களுக்கு என்று ஒருவரும் கேட்கவில்லை.

பதினோரு ஃபிரேம். அவள் மறுபடி படித்தாள். பல் தேய்க்கும் மோட்டாரின் சத்தம் எங்கோ தூரத்துக்குப் போயிருந்தது. தட்டிலிருந்த பற்கள், தூசி, வெளிச்சம் எல்லாம் தண்ணீருக்கு அடியில் இருப்பதுபோல் மெல்ல அசைந்தன.

"அக்கா, மெழுகு புகையுது" என்றாள் பக்கத்து மேசைக்காரி.

மெழுகை இளக்கும் விளக்கை அணைத்தாள். ரொம்ப நன்றி என்று தட்டச்சு செய்தாள். அதற்குமேல் இரண்டு வரி எழுதி, அழித்து, நன்றியை மட்டும் அனுப்பினாள்.

அந்தப் படப்பிடிப்பு அவளுக்கு நினைவிருக்கிறது. ஐந்து வயது. கேமராவுக்குப் பக்கத்தில், அத்தையின் கையைப் பிடித்துக்கொண்டு நின்றிருந்தாள். வெள்ளித்தாள் ஒட்டிய பெரிய பெரிய பலகைகளை வைத்து வெயிலைப் பிடித்துக் கதாநாயகன் முகத்தில் அடித்தார்கள். வெயிலை அப்படித் திருப்ப முடியும் என்று அதுவரை அவளுக்குத் தெரியாது. வாயைப் பிளந்துகொண்டு அதையே பார்த்தாள். ரயில் போனபிறகுதான், அம்மா எங்கே என்று கேட்டாள்.

"போயிட்டா. திரும்பிக்கூடப் பாக்காம போயிட்டா" என்றாள் அத்தை.

அம்மா அப்புறம் வரவே இல்லை. அம்மாவின் பேச்சு வரும்போதெல்லாம் வீட்டில் அந்த ஒரு வாக்கியத்தைத்தான் சொன்னார்கள். அவளும் தன் பிள்ளைகளிடம் அதையே சொல்லியிருக்கிறாள்.

பாவம், அத்தையும் அன்றைக்கு அந்த வெயிலைத்தான் பார்த்துக்கொண்டிருந்தாளோ என்னவோ.