கீறலில்லாத பூட்டு

“அந்த ட்ரில்ல உள்ள கொண்டு வையி மக்கா. துளை போட்டா பூட்டும் போவும், ஸ்டியரிங்கும் போவும்.”

பனச்சமூட்டிலிருந்து ஸ்கூட்டரில் வந்திருந்த மெக்கானிக் ரத்னபாய், வீட்டு ஷெட்டில் நின்ற பழைய ஃபியட்டில் ஏறி, பூட்டிக் கிடந்த ஸ்டியரிங் முன்னால் உட்கார்ந்தார். அந்தப் பக்கத்துப் பழைய ஃபியட்டுகள் எல்லாம் அவர் கைபட்டவைதான். அகிலேஷின் அப்பா சதானந்தனின் இந்த வண்டியும் அப்படித்தான்.

“பின்ன எப்பிடிக்கா?” என்றான் அகிலேஷ். “சாவி இல்லல்லா? அப்பா எங்கயோ ஒளிச்சு வச்சிருக்காரு. கேட்டா வாயே தொறக்கல்ல.”

“அப்பாவுக்குத் தெரியாம விக்கப் போறியாக்கும்?”

அவன் முகம் சுருங்கியது. “வேற வழி இல்லக்கா. ஓட்டிட்டு இருக்கும்போதே அவருக்குத் தலை சுத்தி, வண்டி மதில்ல போய் முட்டிச்சு. மனுசன் பிழைச்சதே பெரிசு. இனி வண்டியே ஓட்டப்பிடாதுன்னு டாக்டர் சொல்லியாச்சு. நாளைக்குக் காரக்கோணம் ஆஸ்பத்திரியில இருந்து வருவாரு. வந்தா மொதல்ல இதுலதான் ஏறுவாரு. அதுக்கு முன்ன வண்டி போயிரணும். பூட்ட மாத்திட்டா, வாங்குற ஆளு மத்தியானமே கொண்டு போவாரு.”

ரத்னபாய் குனிந்தார். ஸ்டியரிங்குக்குக் கீழிருந்த மூடியைக் கழற்றினார். பையிலிருந்து மெல்லிய கம்பி ஒன்றை எடுத்தார்.

“எலே, பானெட்டத் தொறந்து பேட்டரி வயரக் கழத்து.”

இதற்கு முன் வந்த மெக்கானிக்குகள் எல்லாம் டீ குடித்துவிட்டு, உடைக்காமல் முடியாது என்று கைவிரித்த பூட்டு அது. கம்பி வைத்துக்கொண்டு இந்த அக்கா என்ன செய்யப் போகிறார்? யோசித்தபடியே அவன் பானெட்டைத் தூக்கி நிறுத்தி, துருப்பிடித்த நட்டோடு மல்லுக்கட்டினான். ஒருவழியாக வயரைக் கழற்றிவிட்டுத் திரும்பி வந்தான்.

ரத்னபாயின் உள்ளங்கையில் பூட்டு முழுசாக இருந்தது.

 அகிலேஷ் பூட்டை வாங்கித் திருப்பித் திருப்பிப் பார்த்தான். ஒரு கீறல் இல்லை. ஸ்டியரிங்கைத் தொட்டான். இறுகிக் கிடந்த அது இப்போது லேசாகச் சுழன்றது. அவனை அறியாமலே கைகள் குவிந்தன.

“அக்கா, இப்பிடி ஒரு வேலைய நான் கண்டதே இல்ல!”

ரத்னபாய் சங்கடத்தோடு நெளிந்தார். “சொல்லப்பிடாதுன்னுதான் இருந்தேன். நீ கும்பிட்டுட்டியே! சாவியப் போட்டுத் திருப்பி, சின்ன ஓட்டை வழியாக் கம்பியால அமுக்கினாத்தான் கழண்டு வரும். சாவி இல்லாம இந்தப் பூட்டு ஆருக்கும் வராது மக்கா.”

“சாவியா?”

அவர் இடது கையை விரித்தார். அப்பாவின் சாவி, அதே சிவப்புக் கயிற்றோடு.

“ஆஸ்பத்திரியில பாக்கப் போனப்ப அவராக்கும் தந்தாரு. ‘இனி ஓட்ட மாட்டேன்னு மோன்கிட்டச் சொல்ல எனக்கு நாக்கு வரல்ல ரத்னா. கடைசியில அவன் உன்னத்தான் கூப்பிடுவான். சாவிய நான் தந்தது அவனுக்குத் தெரியப்பிடாது. நான் வாறதுக்கு முன்ன வண்டி போயிரணும்’னு சொன்னாரு.”