இரண்டு உருண்டைப் பஞ்சு

"லூசியம்மா சிஸ்டர், பிள்ளை காதுக்குக் கொஞ்சம் பஞ்சு தாங்க" என்று கையை நீட்டினாள் மாரீஸ்வரி.

தடுப்பூசி நாள். டிராம்பேயில் எங்கள் சுகாதார மையத்தின் பெஞ்சு முழுக்கத் தாய்மார்கள். எல்லையில் சண்டை தொடங்கியதிலிருந்து ஒருத்தி முகத்திலும் ஈயாடவில்லை. இந்தப் பக்கம் அணுசக்தி நிலையம், அந்தப் பக்கம் எண்ணெய் ஆலை, போட்டால் முதல் குண்டு நம் தலையில்தான் என்று யாரோ கிளப்பிவிட்டிருந்தார்கள். அவர்களைப் பார்த்துச் சிரித்த நானும் வீட்டு ஜன்னலுக்கெல்லாம் கறுப்புத் துணி கட்டியவள்தான்.

சாயங்காலம் விமானத் தாக்குதல் ஒத்திகை, அபாயச் சங்கு ஊதும்போது காதில் பஞ்சு வைத்துக்கொள்ளுங்கள் என்று காலையிலேயே மைக்கில் சொல்லிக்கொண்டு போனார்கள்.

"ஏட்டி, அதுக்குள்ள நீ வீட்டுக்குப் போயிருவ" என்றேன்.

கேட்டால்தானே! மூன்று முறை கலைந்து, நான்காவதாகத் தங்கிய பிள்ளை. சத்தத்தில் அரண்டால் பயந்தகோளாறு வந்துவிடும் என்று அவளுக்குக் கிலி. பிள்ளையின் மணிக்கட்டில் ஏற்கெனவே மந்திரித்த கயிறு கட்டியிருந்தாள். ஆளை விட்டால் போதும் என்று இரண்டு உருண்டை உருட்டிக் கொடுத்தேன்.

கொடுத்துவிட்டுத் திரும்பினேன். சங்கு அலறியது.

சாயங்காலத்துக்கு இன்னும் எவ்வளவோ நேரம் இருந்தது.

அப்படியென்றால் இது ஒத்திகை இல்லை.

ஐயோ மாதாவே! யாரோ மெயினை அணைத்தார்கள். பெண்கள் பிள்ளைகளை அள்ளிக்கொண்டு பெஞ்சுக்கடியில் புகுந்தார்கள். அத்தனை பிள்ளைகளும் வீரிட்டன. நான் தடுப்பூசிப் பெட்டியைக் கட்டிப்பிடித்துக்கொண்டு சுவரோரம் உட்கார்ந்துவிட்டேன். என் மகள் ஜெனிஃபர் இந்நேரம் ரயிலில் இருப்பாளே!

மாரீஸ்வரி இடத்தை விட்டு நகரவில்லை. கண்ணை இறுக மூடியிருந்தாள். உதடு மட்டும் எதையோ முணுமுணுத்தது.

மடியில் மல்லாந்து கிடந்த பிள்ளை, மெல்ல மெல்ல நின்றுகொண்டிருந்த மின்விசிறியையே பார்த்தது. பார்த்துச் சிரித்தது.

ஒருவழியாகச் சங்கு ஓய்ந்தது.

"டெஸ்டிங்காம்! சும்மா டெஸ்டிங்காம்!" என்று வாசலிலிருந்து கத்தினான் வாட்ச்மேன் நாணு.

விளங்குவார்களா இவர்கள்? வாய்விட்டே திட்டினேன். பெண்கள் ஒவ்வொருத்தியாக வெளியே வந்து பிள்ளைகளைத் தட்டி அடக்கினார்கள்.

மாரீஸ்வரி முகமெல்லாம் சிரிப்பு.

"பாத்தீங்களா சிஸ்டர், எம்புள்ள சிணுங்கக்கூட இல்ல. பஞ்சு நல்லா வேலை செய்யுது! வீட்டுக்குக் கீழ தகரப் பட்டறை, அவனுங்க தட்டுற தட்டுக்கே அசரமாட்டான்."

"தைரியசாலிதான் போ" என்று சொல்லிக்கொண்டே, பஞ்சை எடுத்துவிடக் குனிந்தேன்.

காதில் பஞ்சு இல்லை.

அவளுடைய மூடிய கையைப் பிரித்தேன். இறுக்கியதில் விரல்கள் வெளுத்திருந்தன. நான் கொடுத்த இரண்டு உருண்டைகளும் வேர்வையில் ஊறி அங்கேயே இருந்தன.

"அட, பயத்துல வைக்கவே மறந்துட்டேன் பாருங்க" என்று நாக்கைக் கடித்துச் சிரித்தாள்.

எனக்குச் சிரிப்பு வரவில்லை. பிள்ளையின் தலைக்குப் பின்னால் போய் நின்று, பலமாகக் கைதட்டினேன்.

அடுத்த பெஞ்சுக் குழந்தை மறுபடி அழ ஆரம்பித்தது.