முதல் உப்பு

“அண்ணே, ரெண்டு கண்ணையும் தொறங்கண்ணே” என்று மறுபடியும் கெஞ்சினான் போட்டோக்கார சதீஷ்.

அளத்துக்காரர் தட்சணாமூர்த்தி இடது கண்ணை மூடிக்கொண்டே சிரித்தார்.

மரக்காணம் உப்பளத்தில் வெயில் ஏறிய பிறகு ஒற்றைக் கண்ணை மூடுவது குற்றமில்லை. கீழே வெள்ளை, மேலே வெயில். புதிதாக வருகிறவன், ஊரே தன்னைப் பார்த்துக் கண்ணடிப்பதாக நினைத்துக்கொள்வான்.

பின்னால் கட்டியிருந்த பேனரில் மட்டும் அவருக்கு இரண்டு கண்ணும் திறந்திருந்தது. ‘மறுபிறவி கண்ட மாமனிதரே’ என்று போட்டு, ஓரத்தில் ஒரு சிங்கம். வாசகம் அவரே சொன்னது. சிங்கம் பேனர் கடைக்காரர் இலவசமாகக் கொடுத்தது.

சுனாமி வந்த அன்று அவர் சென்னை ஆஸ்பத்திரியில் மூக்கில் பஞ்சை அடைத்துக்கொண்டு படுத்திருந்தார். மூளை உட்கார்ந்திருக்கும் எலும்பில், மண்டையின் அடியில் ஒரு கட்டி. பத்து லட்சம் பேரில் ஒருத்தருக்குத்தான் வரும் என்று டாக்டர் சொல்லப்போக, அதை அரசாங்கம் கொடுத்த விருதைப்போலச் சுமந்துகொண்டு திரிந்தார்.

“கடலே என்னைத் தேடி அளத்துக்குள்ள வந்துச்சு. ஆள் இல்லன்னு திரும்பிப் போயிடுச்சு” என்று சற்றுமுன் மைக்கில் முழங்கினார். அந்தக் கடலுக்கு ஆட்களைப் பறிகொடுத்த அனுமந்தையிலிருந்து வந்திருந்தவர்கள் சிரிக்கவில்லை. “மூக்கு வழியா உள்ள போயி, கட்டிய வேரோட புடுங்கிட்டாங்க” என்று தொடர்ந்தார்.

வேரோடு என்று எந்த டாக்டரும் சொல்லவில்லை. பக்கத்தில் நின்று கேட்டவள் அவர் மனைவி விஜயலட்சுமி. கண்ணுக்குத் தெரிந்ததை எடுத்தாயிற்று, நரம்பையும் ரத்தக் குழாயையும் ஒட்டிக்கொண்டிருப்பதைச் சுரண்ட முடியாது, விட்டது திரும்ப வளரலாம் என்றுதான் டாக்டர் சொன்னார்.

அவளுக்கு உடனே விளங்கிவிட்டது. உப்பு வாரும்போது பலகையைத் தரைவரை அழுத்தக் கூடாது, சேறு கிளம்பிவிடும். அதனால் பாத்தியின் அடியில் ஒரு பொருக்கு ஒட்டிக்கொண்டேதான் இருக்கும். அடுத்த உப்பு அதன்மேல்தான் பூக்கும்.

“ஒண்ணு ரெண்டா தெரிஞ்சா அன்னிக்கே கூட்டிட்டு வாங்கம்மா” என்றும் டாக்டர் சொல்லியிருந்தார். முதல் தடவையும் அப்படித்தான் ஆரம்பித்தது. அன்றிலிருந்து காலையில் காபியை நீட்டும்போதே “எத்தனை டம்ளர் தெரியுது?” என்று கேட்பாள். “ஒண்ணுதான்டி, ஆளை விடு” என்பார். அவள் நிம்மதியாக அடுப்படிக்குப் போவாள்.

வருஷத்தின் முதல் உப்பை அளத்துக்காரர் இரண்டு கையாலும் அள்ளி, வீட்டுக்காரியின் முந்தானையில் போட வேண்டும். சிந்தினால் விளைச்சல் சிந்தும் என்பார்கள். மாசியில் செய்வதை இவர் இந்த வருஷம் தையிலேயே வைத்துக்கொண்டார். உப்பு இன்னும் தடிக்கவில்லை, கொஞ்சம் பொறுங்க என்று மேஸ்திரி செல்லப்பன் மன்றாடிப் பார்த்தார்.

“தட்சணாமூர்த்தி நாள் குறிச்சா, உப்புதான் அவசரமா விளையணும்” என்று பதில் வந்தது.

அந்த மெல்லிசான, சேறு கலந்த உப்பை அள்ளிக்கொண்டு இப்போது அவள் முன்னால் நின்றார்.

ஒரு மேகம் வந்து வெயிலை மறைத்தது. அளம் முழுக்கச் சுருங்கிக் கிடந்த கண்களெல்லாம் விரிந்தன.

அவருடைய இடது கண் மட்டும் விரியவில்லை.

விஜயலட்சுமி அதைப் பார்த்தாள்.

“வெயிலே இல்லியேண்ணே” என்றான் சதீஷ்.

வேறு வழியில்லாமல் திறந்தார். இடது கருவிழி மூக்குப் பக்கமாக ஒதுங்கி நின்றது. உப்போடு கை நீண்டது, அவளுக்கு ஒரு முழம் தள்ளி, யாருமே நிற்காத இடத்துக்கு.

ஒரு ஆளுக்கு ஒரு டம்ளர்தான் கொடுப்பாள் என்பது கண்ணை மூடிக்கொண்டால்கூட அவருக்குத் தெரியுமே, ‘ஒண்ணுதான்’ என்று சொல்ல அவர் பார்க்கவே வேண்டியதில்லையே என்று அவளுக்கு அப்போதுதான் உறைத்தது.

கை விரிவதற்குள் அந்த இடத்துக்கு நகர்ந்து முந்தானையை ஏந்தினாள். ஒரு கல் உப்புகூடக் கீழே விழவில்லை. கூட்டம் கை தட்டியது.

“எத்தனை பேரா தெரியறேன்?” என்று உதடு அசையாமல் கேட்டாள்.

“திங்கக்கெழம ஆஸ்பத்திரியில அட்மிஷன் சொல்லியிருக்காங்க” என்றார், கூட்டத்தைப் பார்த்துக் கும்பிட்டபடியே. “அதுக்குள்ள இதை முடிச்சுடலாம்னுதான்.”

“சரி, சிரிங்க. என் துணியும் சேர்த்து எடுத்து வைக்கிறேன்.”

சிரித்தார்.

சதீஷ் கேமராவைத் திருப்பிப் பார்த்துவிட்டுச் சலித்துக்கொண்டான்.

“அண்ணன் கரெக்டா நின்னாரு. அக்காதான் கடைசி நேரத்துல நகர்ந்து கெடுத்துட்டாங்க.”