இரும்பு என்று அனுப்பியது

போனில் மணி போய்க்கொண்டே இருக்கிறது. ஊரில் அவள் எடுக்கவில்லை.

அவன் பழைய இரும்பு யார்டின் வேலியோரம் நிற்கிறான். குவைத் வெயில் மண்டையைப் பிளக்கிறது. உள்ளங்கை மட்டும் சில்லிட்டுக் கிடக்கிறது.

வேலிக்கு அந்தப் பக்கம், சண்டையில் எரிந்த டாங்கிகள். நேற்றுவரை அவன் மேலே ஏறி நின்று கேஸ் கட்டரால் அறுத்தவை. இன்று சுற்றிலும் கயிறு கட்டிவிட்டார்கள். தலை முதல் கால்வரை வெள்ளை உடுப்பு மாட்டிய இரண்டு பேர் ஒரு மீட்டரை நீட்டி நீட்டிப் பார்க்கிறார்கள்.

ஓரிடத்தில் அது விடாமல் கத்துகிறது.

அந்த இடம் அவனுக்குத் தெரியும்.

அங்கேதான் அந்தத் துண்டைப் பொறுக்கினான். கட்டைவிரல் நீளம்தான். கறுப்பு. கையில் எடுத்தால் அப்படி ஒரு கனம்.

முழுகாமல் இருக்கிறவள் தலைமாட்டில் இரும்பு வைத்துக்கொண்டால் காத்துக் கறுப்பு அண்டாது. இவ்வளவு கனமான இரும்பு ஊரில் எங்கே கிடைக்கும்? லீவில் போன கூட்டாளியின் பெட்டியில், சோப்புக் கட்டிகளுக்கு நடுவே வைத்து மனைவிக்கு அனுப்பிவிட்டான்.

காலையில் கீழக்கரைக்கார போர்மேன் அமானுல்லா எல்லோரையும் கூட்டிச் சொன்னார்.

"அது இரும்பில்ல அப்பு. டாங்கியைத் தொளைக்கிறதுக்கு யுரேனியத்துல செஞ்ச குண்டு. தூசி உள்ள போனா விஷமாம். வயித்துப் பிள்ளைக்கும் ஆகாதுங்கிறாங்க. யாராச்சும் எடுத்து வச்சிருந்தா இப்பவே குடுத்துருங்க."

யாரும் வாய் திறக்கவில்லை. அவனும்தான்.

"என்னங்க, வேலை நேரத்துல?"

முனீஸ்வரி எடுத்துவிட்டாள். அவளுக்கு மூச்சு வாங்குகிறது. ஏழாம் மாசம்.

"அந்த இரும்பு..."

"ஆமா, பெரிய இரும்பு! தொடைக்கத் தொடைக்க மஞ்சப் பொடியா உதிருது. சேலை முந்தியெல்லாம் கறை. நல்ல இரும்பாப் பாத்து அனுப்பப்படாதாக்கும்?"

சிரிக்கிறாள்.



"இப்ப எங்க இருக்கு?"

"நம்ம வீட்டுல இல்ல. எதுத்த வீட்டு நம்பு அக்கா மக பிள்ளை பெத்து வந்திருக்கால்ல. பச்சப்பிள்ளை தூங்காம வீறிடுதாம். தொட்டில்ல போடக் கேட்டா, குடுத்துட்டேன்."

நம்ம வீட்டில் இல்லை.

அப்பாடா என்று நெஞ்சு இறங்கியது.

இறங்கிய பிறகுதான் தன்னை நினைத்தே அவனுக்குப் பயம் வந்தது.

தொட்டிலிலிருந்து எடுக்கச் சொல்ல வேண்டும். ஏன் என்று கேட்பாள். இத்தனை நாளும் அதன்மேல் தலைவைத்துப் படுத்தவள் அவள்.

போனை வைத்துவிடலாம். லைன் போய்விட்டது என்று நினைத்துக்கொள்வாள். அந்தப் பிள்ளை யார் பெற்ற பிள்ளையோ.

கட்டைவிரல் சிவப்புப் பொத்தான்வரை போய்விட்டது.

"என்ன, பேச்சையே காணோம்? வேணும்னா போய் வாங்கிட்டு வந்துரவா? நாலு எட்டுதான்."

"நீ தொடாத!"

யார்டே திரும்பிப் பார்த்தது. வெள்ளை உடுப்புக்காரர்களும்.



"ஏங்க?"

குரலில் சிரிப்பு இல்லை.

அவன் வேலிக் கம்பியைப் பிடித்துக்கொண்டான்.

"முனீசு," என்றான். "மொதல்ல நீ ஒரு எடத்துல உக்காரு."